கூச்சமும் நாணும்

கூச்சம் ஒரு குறையல்ல, நல்ல வளர்ப்பின் அடையாளம் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தார்கள். 'பையன் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டான்' என்று என் அத்தை சொல்லும்போது அதில் புகார் இருந்ததில்லை; பெருமைதான் இருந்தது. அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டுதான் வங்கி வேலைக்குப் போனேன். பத்து வருஷங்களாகப் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் ஷட்டர் மேலே ஏறும்போது வயிற்றில் ஏதோ ஒன்று கீழே இறங்குவது இன்னும் நின்றபாடில்லை. ஆனால் இது என் வயிற்றைப் பற்றிய கட்டுரை அல்ல. கூச்சத்தை அடக்கத்தின் உடன்பிறப்பாக நாம் வைத்துக் கொண்டாடுவது சரிதானா என்பதுதான் கேள்வி. சரியில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. அப்படித் தோன்றியதற்குப் புத்தகங்கள் காரணமல்ல, ஒரு சாயங்காலம் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வார்த்தைகள். தமிழில் இந்த விஷயத்துக்கு ஒரு சொல் அல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது: கூச்சம், வெட்கம், நாணம், தயக்கம், சங்கோஜம். இவற்றை நாம் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகிறோம். ஆனால் மொழி இவற்றைக் கலந்துவிடவில்லை. பல் கூசுகிறது, கண் கூசுகிறது என்கிறோம். கூச்சம் உடம்பைச் சேர்ந்தது. அளவுக்கு மிஞ்சிய வெளிச்சமோ புளிப்போ தீண்டும்போது உடம்பு தன்னை இழுத்துக்கொள்வது. சங்கோஜம் என்ற வடசொல்லுக்கும் சுருங்குதல் என்பதுதான் மூலப்பொருள். வெட்கம் வேறு. 'வெட்கங்கெட்டவன்' என்றால் அது வசை. அவன் ஏதோ செய்திருக்கிறான், செய்தும் உறுத்தாமல் இருக்கிறான் என்று பொருள். 'கூச்சமில்லாதவன்' என்றால் பல சமயங்களில் பாராட்டாகிவிடுகிறது: கல்யாண வீட்டில் யாரிடமும் போய்ப் பேசிவிடுவான். ஆக, கூச்சத்துக்குக் காரணமாக ஒரு செயல் இருக்க வேண்டியதில்லை. வெட்கத்துக்கு இருக்க வேண்டும். இந்தச் சிறு வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அந்த 'நாலு பேர்'. நம் சமூகத்தின் கண் எப்போதும் நாலு பேருடையது. நாலு பேர் என்ன சொல்வார்கள், நாலு பேர் மதிக்க வாழ வேண்டும், கடைசியில் தூக்கிப் போகவும் நாலு பேர் வேண்டும். இவர்களுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து 'அந்த நாலு பேரில் நீங்கள் ஒருவரா' என்று கேட்டால் அவர் திகைப்பார். அவரும் தன்னுடைய நாலு பேருக்குப் பயந்துகொண்டிருக்கிறார். அலுவலகம் என்பது இந்த நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து, நாற்காலி போட்டு, எட்டு மணி நேரம் உட்கார வைத்திருக்கும் இடம்.

வங்கி கவுன்ட்டரில் இது இன்னும் தீவிரப்படுகிறது. எங்கள் கிளையில் ஒரு காலத்தில் காசாளரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு இருந்ததாம். ஓய்வு பெற்ற சகா ஒருவர் அதைச் சிறைவாசம் போல வர்ணித்தார். எனக்கோ கேட்கும்போதே பொறாமையாக இருந்தது. இப்போது கூண்டு இல்லை. கண்ணாடி இருக்கிறது, தலைக்கு மேல் கேமரா இருக்கிறது, எழுத்தர் என்ற பழைய பெயர் போய் வாடிக்கையாளர் சேவையைச் சொல்லும் நீண்ட பெயர் வந்திருக்கிறது. எழுத்தனாக இருந்தவரை எழுத்துதான் என் வேலை. இப்போது முகமும் வேலையின் பகுதி. அமெரிக்கச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் அன்றாட வாழ்க்கையை மேடை நடிப்பாகப் பார்த்து எழுதிய புத்தகத்தில் (1956-இல் எடின்பரோவில் வந்தது, 1959-இல் விரிவாக்கப்பட்டது) ஹோட்டல் சமையலறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையிலுள்ள கதவைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கதவைக் கடக்கும் கணத்தில் பரிசாரகனின் முகம் மாறுகிறது. மேடை ஒன்று, மேடைக்குப் பின்புறம் ஒன்று. கவுன்ட்டர் ஊழியனுக்கு மதிய உணவு நேரத்தைத் தவிர அந்தப் பின்புறம் இல்லை. அப்போதும் யாராவது டிபன் பாக்ஸைப் பார்த்து, 'என்ன சார், இன்னிக்கும் தயிர்சாதமா' என்று கேட்டுவிடுகிறார்கள்.

கூச்சக்காரன் இதைச் சமாளிக்கச் சில உபாயங்களைக் கண்டுபிடித்து வைத்திருப்பான். என்னுடையது கணினித் திரை. எதிரே ஆள் வந்து நின்றதும் திரையைப் பார்ப்பேன். திரையில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஏதோ சிக்கலான கணக்கைப் படிப்பவன்போல் புருவத்தைச் சுருக்கிக்கொள்வேன். வந்தவர் இரண்டு முறை 'சார்' என்று கூப்பிட்ட பிறகு, அவர் முகத்தைத் தவிர்த்து, கையை நீட்டிச் சீட்டை வாங்குவேன். தவறாமல் திரும்பக் கொடுப்பேன். தொகையில் பிழை இருந்ததில்லை. ஒரு நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வந்த ஓய்வூதியக்காரப் பாட்டி ஒருவர், மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரிடம் 'இந்தத் தம்பிக்குக் காது கேக்காது போல' என்றார். பின்னால் நின்றவர், 'காதெல்லாம் கேக்கும் ஆயா, திமிரு' என்றார்.

அந்த மனிதர்மீது எனக்குப் பல நாள் கோபம் இருந்தது. எவ்வளவு தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், உள்ளே நான் நடுங்கிக்கொண்டிருப்பது இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று. இப்போது யோசிக்கையில் அவர் சொன்னது முழுத் தவறு என்று எனக்குப் படவில்லை. எதிரே ஒரு கிழவி நிற்கிறாள். அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்பதை எழுதிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறாள். அந்த வேளையில் நான் யாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்? என்னைப் பற்றி. என் குரல் எப்படி ஒலிக்கும், என் காது சிவந்திருக்கிறதா என்று. திமிர் பிடித்தவனும் அதைத்தான் செய்கிறான். இருவருக்கும் எதிரிலிருப்பவர் கண்ணாடி. ஒருவன் அதில் தன்னை அழகனாகவும் மற்றவன் அசடனாகவும் பார்க்கிறான் என்பதுதான் வித்தியாசம்.

மருத்துவம் இதைப்பற்றிச் சொல்வதை இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் சமூக அச்சம் தனிப் பெயருடன் இடம்பெற்றது 1980-இல்தான். 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அது உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். நாலு பேர் முன் நிற்க நேரும்போது இவனுடைய கவனம் வெளியிலிருந்து உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. நெஞ்சுத் துடிப்பு, முகச்சூடு, நாக்கு வறட்சி, இவற்றைக் கொண்டு தான் வெளியே எப்படித் தெரிகிறோம் என்று ஒரு சித்திரத்தைத் தானே தீட்டிக்கொள்கிறான். பிறகு அந்தச் சித்திரத்தைப் பிறருடைய பார்வை என்று நம்புகிறான். உள்ளே சுடுகிறது, ஆகவே வெளியே பற்றி எரிவது எல்லோருக்கும் தெரிகிறது! என் கணினித் திரை போன்ற தற்காப்பு உபாயங்கள் அச்சத்தைப் போக்குவதில்லை. 'திரை இருந்ததால் பிழைத்தேன்' என்ற நம்பிக்கையைக் கொடுத்து அச்சத்துக்குத் தீனி போடுகின்றன. அவற்றைக் கைவிட்டு, கவனத்தை மீண்டும் வெளியே திருப்பப் பழகுவது சிகிச்சையின் முக்கியமான பகுதி. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் போய் ஒழுக்கவியல் பேசுவது அபத்தம். டாக்டரிடம் அழைத்துப்போவதுதான் ஒழுக்கம். நான் பேசுவது என்னைப்போல் வேலைக்கும் போய்க்கொண்டு, கூச்சத்தையும் செல்லமாக வளர்த்துக்கொண்டு இருப்பவர்களைப் பற்றி. (எங்களுக்கு ஒருமுறை இரண்டு நாள் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் கண்ணாடி முன் நின்று ஐந்து நிமிஷம் பேசிப் பழகச் சொன்னார் பயிற்சியாளர். கண்ணாடியால் வந்த வியாதிக்குக் கண்ணாடி!)

உளவியல் சொல்வதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அது ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அச்சத்தால் இவன் படும் துன்பத்தை அது கணக்கிலெடுக்கிறது. இவனுடைய அச்சத்துக்கு வேறு யாராவது விலை கொடுத்தார்களா என்று கேட்பது அதன் வேலையில்லை.

ஸார்த்தர் 1943-இல் வெளியான தன் பெரிய நூலில் பார்வை பற்றி எழுதிய பகுதி நம் வட்டத்தில் பலருக்கும் தெரிந்ததே. ஒருவன் சாவித்துவாரத்தின் வழியே அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் காலடிச் சத்தம். அந்தக் கணத்தில் அவன் பார்ப்பவனாக இருந்தவன் பார்க்கப்படும் பொருளாக ஆகிவிடுகிறான். கூச்சத்தின் தத்துவம் என்று இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஸார்த்தரின் ஆள் நிஜமாகவே ஒட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடிபட அவனிடம் ஒரு செயல் இருக்கிறது. ஆகவே அவனுக்கு வருவது வெட்கம். கூச்சக்காரனோ எந்தச் சாவித்துவாரத்திலும் கண்ணை வைக்காமலே பிடிபட்டவன். நாற்காலியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதிலேயே பிடிபடுகிறவன். எதுவும் செய்யாததற்கே இவ்வளவு வெட்கத்தைச் செலவழித்துவிட்டால், ஏதாவது செய்துவிட்ட அன்றைக்குக் கையிருப்பு என்ன இருக்கும்?

வள்ளுவர் இந்த இரண்டையும் வெகு தூரத்தில் பிரித்து வைத்திருப்பது தற்செயலல்ல என்று தோன்றுகிறது. அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். அமைச்சியலின் கடைசி அதிகாரம். அதாவது சபையில் அஞ்சாமல் பேசுவது அவருக்கு ஆன்ம குணமல்ல, வேலைக்கான தகுதி. கற்றதைச் சபையில் சொல்லத் தெரியாத அமைச்சனால் ராஜ்யத்துக்கு என்ன பயன் என்ற கறாரான கேள்வி. நாணுடைமை 102-ஆம் அதிகாரம், குடிமக்களின் குணங்களைப் பேசும் பகுதியில் வருகிறது. அங்கே முதல் குறளிலேயே, தகாத செயலைச் செய்ய நேர்வதற்கு நாணுவதுதான் நாண், மற்றதெல்லாம் வேறு வகை என்று வேலி கட்டிவிடுகிறார். முன்னதை அஞ்சாதே என்கிறார், பின்னதை இழக்காதே என்கிறார். நாம் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறி, அவையில் அஞ்சுகிறவனை நாணுடையவன் என்று மெச்சுகிறோம். என் அத்தை செய்தது அதைத்தான்.

அந்தச் சாயங்காலம். எங்கள் கிளையில் ரொக்கம் டாலி ஆகவில்லை. ரூ. 50,000 குறைந்தது, 500 ரூபாய்க் கட்டு ஒன்று. காசாளர் அம்மாள் அழுதுகொண்டிருந்தார். குறைந்த பணத்தை அவர்தான் கட்ட வேண்டும். மதியம் சுமார் 12.15-க்கு ஐந்து நிமிஷம் கேபினைப் பூட்டாமல் எழுந்து போனதாகச் சொன்னார். அந்த நேரத்தில் உள்ளே போகக் கூடியவர் யார்? எங்கள் தற்காலிகக் கடைநிலை ஊழியர், தினக்கூலி, 45 வயசிருக்கும், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். குடிதண்ணீர் வைக்கவும் வவுச்சர் எடுக்கவும் அவர்தான் எல்லா இடத்துக்கும் போய் வருவார். கேமராப் பதிவை எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர் அன்று விடுப்பில் இருந்தார். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். 11 பேர். நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. 'அந்த நேரத்துல நீ எங்கே இருந்தே' என்று அண்ணனைக் கேட்டார். 'தபாலாபீஸ் போயிருந்தேன் சார்.' 'யார் அனுப்பினது?' அவர் பேசவில்லை. என்னைப் பார்த்தார்.

நான்தான் அனுப்பியிருந்தேன். பதிவுத் தபால்கள் மூன்று. ரசீது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அந்த ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும்: 12.18. 'நான்தான் சார்' என்ற இரண்டு வார்த்தை போதும். அதுவும் வேண்டாம், நாலு எட்டு நடந்து இழுப்பறையைத் திறந்து ரசீதை மேஜைமேல் வைத்தால் போதும். மேனேஜர்மேல் எனக்குப் பயம் கிடையாது; நல்ல மனிதர். வேலை போய்விடும் என்ற பயமா, இல்லை, சங்கம் இருக்கிறது. நான் பேசினால் 11 தலைகளும் என் பக்கம் திரும்பும். அவ்வளவுதான். தொண்டை அடைத்துக்கொண்டது. 'யாராவது ஏதாவது சொல்லணுமா' என்று மேனேஜர் பொதுவாகக் கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சரி, காலைல பாக்கலாம்' என்றார்.

காலையில் அண்ணன் வரவில்லை. வர வேண்டாம் என்று இரவே சொல்லிவிட்டிருந்தார்கள்.

நான் கவனிக்க விரும்புவது அந்த இரவை. வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது எனக்குள் இருந்தது குற்ற உணர்வு என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் இருந்தது நிம்மதி. முகம் சிவக்கவில்லை, குரல் நடுங்கவில்லை, யாரும் என்னைக் கவனிக்கவில்லை, ஒரு கண்டத்திலிருந்து தப்பித்துவிட்டேன். மறுநாள் தனியாகப் போய் மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, அதற்கான வாக்கியத்தைத் தயாரிக்க ஆரம்பித்தேன். 'சார், ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பிப்பதா, 'சார், நேத்து நடந்தது சம்பந்தமா' என்று ஆரம்பிப்பதா. நாலு நாள் அந்த வாக்கியத்தைச் செதுக்கினேன். ஒரு கவிதைக்குக்கூட அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டதில்லை. அண்ணன் அந்த நாலு நாளும் கூலி இல்லாமல் வீட்டில் இருந்தார் என்பது வாக்கியத்தில் எங்கும் இடம்பெறவில்லை. ஐந்தாம் நாள் அரிசி ஆலைக் கணக்கர் ஒருவர் வந்து, ஒரு கட்டு அதிகமாக வந்திருக்கிறது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். காசாளர் அம்மாள் மறுபடி அழுதார். மேனேஜர் மிக்சரும் ஸ்வீட்டும் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தது புதிதாக வைத்த பையன்.

அச்சம் நாணத்தின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். எனக்குள் வெட்கப்படும் சக்தி இல்லாமலில்லை, ஏராளமாக இருந்தது. ஆனால் அது முழுவதும் என் காது மடலின் நிறத்தைக் காவல் காக்கப் போய்விட்டது. செருப்பைப் பார்த்து நின்றதற்கு வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு விஷயமும் அப்புறம்தான் உறைத்தது. அந்த அறையில் என்னை 11 பேரும் பார்ப்பதாக நான் கற்பனை செய்திருந்தேன். நிஜமாகப் பார்த்தது ஒருவர்தான். அந்த ஒரு பார்வை என்னை எடை போடவில்லை. அது கேட்டது. கற்பனைப் பார்வைகளுக்குப் பயந்து நிஜமான ஒன்றைத் தவிர்த்தேன்.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. கூச்சத்தை நுண்ணுணர்வின் முத்திரையாக ஆக்கியது நாம்தான். எலியட்டின் புரூஃப்ராக் 1915-இல் சிகாகோவிலிருந்து வந்த 'பொயட்ரி' பத்திரிகையில் வெளியாயிற்று. எலியட் லாயிட்ஸ் வங்கியில் சேர்ந்தது 1917-இல் (1925 வரை இருந்தார், எங்கள் தொழிலுக்கு அதில் கொஞ்சம் கௌரவம்). பி.ஏ. வகுப்பில் அந்தக் கவிதையைப் படித்தபோது இது என்னைப் பற்றி எழுதப்பட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்காத பி.ஏ. ஆங்கில மாணவன் இருக்க முடியாது. இப்போது திரும்பப் படிக்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த அறைகளில் இருக்கும் மற்றவர்களுக்குத் தனி முகம் கிடையாது. கண்கள், கைகள், பேச்சுத் துணுக்குகள், அவ்வளவுதான். அவர்களில் யாருக்காவது அன்று பல்வலி இருந்ததா, யாராவது செத்துப்போன கணவனை நினைத்துக்கொண்டிருந்தாளா, இதெல்லாம் புரூஃப்ராக்குக்குத் தெரிய வழியில்லை. கவிஞருக்கு அது தெரிந்திருக்கிறது என்று நம்புகிறேன். நம் வாசிப்புத்தான் அதைத் தவறவிட்டு, ஒரு சுயவிசாரணையைச் சுயஅனுதாபமாகச் சுருக்கிவிட்டது.

தமிழில் ஆதவனைச் சொல்ல வேண்டும். டில்லி அலுவலகங்களை, அவற்றில் தன்னைத்தானே பார்த்துக்கொண்டே நடமாடும் மனிதர்களை அவரளவுக்கு எழுதியவர்கள் இல்லை. 'ஓர் அறையில் இரண்டு நாற்காலிகள்' என்ற தலைப்பே போதும். அலுவலக வாழ்வின் அத்தனை அவஸ்தையும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. சக ஊழியன் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டுமா, எவ்வளவு சிரிக்க வேண்டும், சிரித்தது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆதவனின் பாத்திரங்கள் யோசிக்கிற யோசனை மெய்யானது. என் மனக்குறை ஒன்று உண்டு. யோசனையே இன்னொரு கண்ணாடியாகி, வேஷத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் அவர்கள் சில சமயம் நின்றுவிடுகிறார்கள். வேஷம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதற்குள் போவதில்லை. 1987-இல், 45 வயதில் அவர் இறந்துபோகாமல் இருந்திருந்தால் போயிருப்பார் என்று எண்ண இடமிருக்கிறது.

எனக்கு வழி காட்டியது காஃப்காதான், ஆனால் எதிர்பார்த்த காஃப்கா அல்ல. 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அவர் உத்தியோகம் பார்த்தார். 1913 ஜனவரியில் ஃபெலிஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், பதவி உயர்வுக்கு நன்றி சொல்ல சகாக்களோடு நிறுவனத் தலைவர் முன்னால் போய் நின்றபோது தனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டதை விஸ்தாரமாக வர்ணிக்கிறார். அடக்க அடக்க பீறிக்கொண்டு வரும் சிரிப்பு. கம்பீரமான தலைவர், நடுங்கும் சகாக்கள், நடுவில் இவர். இதைவிடப் பெரிய அலுவலக அவமானத்தை நான் படித்ததில்லை. நம் ஆட்கள் அந்தக் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதே மனிதர், 1910-இல் வெளியான அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சதுரத் தண்டில் கத்தியைப் பொருத்தினால் தண்டுக்கும் மேஜைக்கும் நடுவே விழும் இடைவெளியில் தொழிலாளியின் விரல்கள் போகின்றன. உருளைத் தண்டாக இருந்தால் இடைவெளி குறையும், விரல் பிழைக்கும். படங்களோடு, முதலாளிகளுக்குச் செலவு எப்படிக் கட்டுப்படியாகும் என்ற விளக்கத்தோடு, ஒரு சொல்கூட தன்னைப் பற்றி இல்லாத எழுத்து. தலைவர் முன்னால் தன் முகத்தை நிர்வகிக்க முடியாத ஒருவரால் யாரோ ஒரு தச்சனின் ஆள்காட்டி விரலை இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடிந்திருக்கிறது. அவருடைய கூச்சம் தீர்ந்துபோய், பிறகு அறிக்கை எழுதவில்லை. கூச்சம் அதன்பாட்டுக்கு இருந்தது. விரலும் இருந்தது.

ஐரிஸ் மர்டாக் தன் 1970-ஆம் வருஷத்து நூலில் ஓர் உதாரணம் தருகிறார். மனக்கலக்கத்தோடும் எரிச்சலோடும் ஜன்னலோரம் நிற்கிறார். தன் கௌரவத்துக்கு நேர்ந்த ஏதோ பங்கத்தை அசைபோட்டுக்கொண்டு. அப்போது வானத்தில் வட்டமிடாமல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வல்லூறு ஒன்று கண்ணில் படுகிறது. ஒரு கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. காயம்பட்ட 'நான்' மறைந்து வல்லூறு மட்டும் இருக்கிறது. அழகான இடம். உளவியலாளர்கள் கவனத்தை வெளியே திருப்பு என்று சொல்வதை அவர் அவர்களுக்குக் கால் நூற்றாண்டு முன்னாலேயே ஒழுக்கத்தின் பாஷையில் சொல்லிவிட்டார் எனலாம். ஆயினும் வல்லூறு சுலபம். அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நம் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கவுன்ட்டருக்கு எதிரே நிற்பவர் வல்லூறு இல்லை. அவர் திரும்பப் பார்க்கிறார், அவருக்கு ஏதோ வேண்டியிருக்கிறது. அவரைப் பார்ப்பதற்கு நான் பார்க்கப்படவும் சம்மதிக்க வேண்டும்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கிச் சத்தம் போட்டது. செதுக்கிவைத்த வாக்கியம் வரவில்லை. 'அன்னிக்கு அவரைத் தபாலாபீஸ் அனுப்பினது நான்தான், சொல்லாம விட்டுட்டேன்' என்பது மட்டும் வந்தது. காது சுட்டது, சிவந்தும் இருக்கும். தலைகள் திரும்பின. பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது: காசாளர் அம்மாள் என்னோடு சில வாரங்கள் பேசவில்லை. மேனேஜர், 'அன்னிக்கே சொல்லியிருந்தா இந்தப் பையனை வைச்சிருக்க வேண்டாமே சார்' என்றார். அது நியாயம். புதுப் பையனுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவனை நிறுத்தச் சொல்ல முடியாது. விட்டுப்போன நாட்களுக்கான கூலியை அண்ணனுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பேக்கரியில் சேர்ந்திருந்தார். மாலைக் கூட்டம். கவரை நீட்டினேன். வாங்கி எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரை ஒன்றும் இல்லை அங்கே. நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. 'அண்ணே, அன்னிக்கு நான்...' என்று ஆரம்பித்தேன்.

'நீங்க சொல்லுவீங்கன்னுதான் சார் நான் பேசாம இருந்தேன்' என்றார். பிறகு, பின்னால் நின்றவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.